கேஸ் முடியும்வரை யார் கையில்?

எங்கள் ஆபீஸுக்கு வருகிறவர்கள் உட்கார்ந்ததும் கேட்பது ஒரே கேள்விதான். "சார், இது எப்ப முடியும்?" சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே "பாப்போம்" என்பார். அதற்குமேல் யாராலும் பதில் சொல்ல முடியாது, சொன்னால் அது பொய்.

நான் வக்கீல் இல்லை. கூடலூரில் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப் அடிப்பது, கேஸ் கட்டுகளைக் கோர்ட்டுக்குத் தூக்கிப்போவது, வாய்தா தேதியை டைரியில் குறிப்பது, கட்சிக்காரர்களுக்குப் போன் போட்டு "நாளைக்கு வரணும், ஆதார் ஜெராக்ஸ் கொண்டு வாங்க" என்று சொல்வது, இதெல்லாம்தான் என் வேலை. பல வருஷமாகப் பிராதும் பதிலுரையும் அடித்து அடித்து எனக்கு ஒன்று பிடிபட்டது. "எப்ப முடியும்" என்பதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது, அதை யாரும் கேட்பதில்லை: முடிகிறவரைக்கும் அந்த நிலம் யாரிடம் இருக்கும், அந்தப் பணம் யாரிடம் இருக்கும்? என் கணக்கில் முக்கால்வாசி கேஸில் யார் ஜெயித்தார்கள் என்பதை இதுதான் தீர்மானிக்கிறது. தீர்ப்பு பிறகு வந்து கையெழுத்துப் போடுகிறது, அவ்வளவுதான்.

இதற்கு எங்கள் தாலுகாவே சாட்சி. கூடலூர், பந்தலூர் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் மலபாரில், வயநாட்டோடு இருந்தது. 1877இல்தான் நீலகிரியோடு சேர்த்தார்கள். மாவட்டம் மாறியதே தவிர நில முறை மாறவில்லை, அது மலபாரின் ஜன்மம் முறையாகவே, அதாவது நிலம் பரம்பரை உரிமையாக ஒரு குடும்பத்தின் கையில் இருக்கும் முறையாகவே நின்றது. அந்த உரிமைக்காரரான ஜன்மி நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பம். அவர்களிடம் குத்தகைக்கு எடுத்து வெள்ளைக்காரர்கள் காப்பி போட்டார்கள். 1880 வாக்கில் தேவாலா பக்கம் தங்கம் இருக்கிறது என்று கம்பெனி கம்பெனியாக வந்து பணத்தை விட்டுவிட்டுப் போனது தனிக் கதை. அப்புறம் தேயிலை.

1969இல் தமிழ்நாடு அரசு கூடலூர் ஜன்ம நிலங்களை ஒழித்து ரயத்துவாரியாக, அதாவது பட்டாதாரர் நேராக அரசுக்கு வரி கட்டும் முறையாக, மாற்றச் சட்டம் போட்டது. சுமார் 80 ஆயிரம் ஏக்கர் அதற்குள் வந்தது. சட்டம் படிக்க எளிமையாகத்தான் இருக்கும். ஜன்மி தானே பயிர் செய்தது, குத்தகைக்காரர் பயிர் செய்தது, இந்த இரண்டிலும் சேராத மற்றவர் பயிர் செய்தது என்று பிரித்து 8, 9, 10 பிரிவுகளின் கீழ் பட்டா. தோட்டம் போடுவதற்காக ஜன்மி குத்தகைக்கு விட்ட நிலம் 17ஆம் பிரிவு: அரசு குத்தகையை ரத்து செய்கிறவரை குத்தகைக்காரர் தொடரலாம். தோட்டக்காரர்கள் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1972இல் பால்மடீஸ் தோட்டம் தொடர்ந்த வழக்கில், சட்டம் பொதுவாகச் செல்லும், ஆனால் ஜன்மத்திலிருக்கும் காட்டை எடுப்பது நிலச் சீர்திருத்தத்தில் வராது என்று தீர்ப்பு வந்தது. உடனே 1974இல் 34ஆவது திருத்தத்தின் மூலம் இந்தச் சட்டத்தை அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் வைத்தார்கள். அந்த அட்டவணைக்குள் போய்விட்டால் அடிப்படை உரிமையைக் காட்டி யாரும் கோர்ட்டுக்கு வர முடியாது என்பதுதான் அன்றைய நம்பிக்கை. அப்படி வைக்கலாமா என்று கேட்டுப் போனதுதான் ஐ.ஆர். கோயலோ வழக்கு. 2007 ஜனவரி 11ஆம் தேதி ஒன்பது நீதிபதிகள் உட்கார்ந்து, 1973 ஏப்ரல் 24க்குப் பிறகு அட்டவணைக்குள் போன எந்தச் சட்டமும் அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைக் கெடுக்கிறதா என்ற சோதனைக்கு உட்பட்டதுதான் என்றார்கள். இந்தியா முழுக்க சட்டக் கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள் இதைப் படிக்காமல் வெளியே வர முடியாது.

அது போதாதென்று இன்னொன்று. 1995இல் நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு, கூடலூர்க் காடுகளை வெட்டுகிறார்கள் என்று உச்ச நீதிமன்றத்துக்கு எழுதிப் போட்டார். 1996 டிசம்பர் 12இல் வந்த உத்தரவு, காடு என்றால் அகராதி என்ன அர்த்தம் சொல்கிறதோ அதுதான் காடு, பட்டா யார் பேரில் இருந்தாலும் சரி என்றது. அன்று ஆரம்பித்த வழக்கில் நாடு முழுவதற்கும் உத்தரவு மேல் உத்தரவாக வந்தது.

இரண்டு மாபெரும் தீர்ப்புகள் ஒரே தாலுகாவிலிருந்து. பெருமைப்படலாம். ஆனால் இதே கூடலூரில் ஓவேலிப் பக்கம் ஒரு ஆள் கரன்ட் கனெக்‌ஷனுக்கு மனுக் கொடுத்தால், "செக்‌ஷன் 17 நிலம்பா, முடியாது" என்று திருப்பி அனுப்புகிறார்கள். ஒன்பது நீதிபதிகளின் தீர்ப்பு அவர் வீட்டு பல்புவரை வரவில்லை.

என் கேள்வியை இங்கே கேட்டுப் பாருங்கள். வழக்கு நடந்த இத்தனை வருஷமும் நிலம் யார் கையில் இருந்தது? பெரிய தோட்டங்கள் தங்கள் கையிலிருந்ததை வைத்துக்கொண்டே வழக்காடின. ரத்து செய்கிறவரை தொடரலாம் என்று சட்டமே சொல்கிறது, ரத்து செய்யப் போனால் தடையாணை. கொழுந்து நிற்காமல் ஃபேக்டரிக்குப் போய்க்கொண்டிருந்தது. அரசும் பெரிதாக இழக்கவில்லை. நிலம் எங்களுடையது என்று ஏட்டில் எழுதிவைத்துவிட்டது. நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் கேரளாவிலிருந்து வந்து கப்பை என்ற மரவள்ளியும் குறுமிளகும் போட்டவர்கள், 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு சிலோனிலிருந்து வந்த எங்களைப் போன்றவர்கள், எல்லோருக்கும் முன்னாலிருந்தே இங்கே இருக்கிற பணியர், காட்டுநாயக்கர், முள்ளுக்குறும்பர். இவர்கள் கையில் நிலம் இருக்கிறது, காகிதம் இல்லை. காகிதம் இல்லாதவன் கையிலிருக்கும் நிலத்தை வைத்து பேங்க்கில் கடன் வாங்க முடியாது, நிம்மதியாக ஒரு சுவர் எழுப்ப முடியாது.

பழங்குடியினரின் வன உரிமைச் சட்டம் 2006இல் வந்தபோது இதற்கு ஒரு வழி பிறக்கும் என்று நினைத்தோம். 2008இல் சென்னை உயர் நீதிமன்றம், கோர்ட்டைக் கேட்காமல் உரிமைப் பத்திரம் கொடுக்கக் கூடாது என்று இடைக்கால உத்தரவு போட்டது. அது நீங்கியது 2016இல். இறுதித் தீர்ப்பு இல்லை, வெறும் இடைக்கால உத்தரவு. அதற்குள் மனுக் கொடுத்த கிழவர்கள் எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்களோ.

மசினகுடிப் பக்கம் யானை வழித்தட வழக்கில் இது தலைகீழாக நடந்தது. 2010இல் வழித்தடத்தை அறிவித்து அரசாணை, 2011இல் உயர் நீதிமன்றம் அதைச் சரி என்றது, ஆனாலும் ரிசார்ட்டுகள் மேல்முறையீட்டை வைத்துக்கொண்டு சீசனுக்கு சீசன் ரூம் விட்டுக்கொண்டிருந்தன. 2018 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அனுமதி இல்லாததை 48 மணி நேரத்தில் சீல் வை என்றது. அன்றைக்குப் பூட்டு விழுந்ததும்தான் "வழக்கு சீக்கிரம் முடியணும்" என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. அதற்கு முன்னால் அவசரமே இல்லை!

சரி, இதெல்லாம் பெரிய இடத்து விஷயம். எனக்கு இது மண்டையில் ஏறியது அம்மாவின் கிராஜுவிட்டியில், அதாவது வேலையை விட்டு நிற்கும்போது சர்வீஸுக்காக முதலாளி கொடுக்க வேண்டிய மொத்தப் பணத்தில்.

அம்மா பந்தலூர்ப் பக்கம் ஒரு தனியார் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தார். தோட்டத்தின் பெயர் வேண்டாம். ரிட்டையர் ஆன அன்று ஒரு சால்வை, ஒரு எவர்சில்வர் குடம், ஒரு போட்டோ. கிராஜுவிட்டி எப்போது என்று கேட்டதற்கு ஆபீஸில் சொன்னார்கள்: "லைன் வீட்டைக் காலி பண்ணிட்டு வாங்கம்மா, அன்னிக்கே செக்." அம்மா சொன்னார்: "செக்கைக் குடுங்க ஐயா, அந்தக் காசில்தான் வேற வீடு பாக்கணும்." இரண்டு பேர் சொன்னதும் நியாயமாகத்தான் காதில் விழும். அவர்களிடம் இருந்தது பணம், எங்களிடம் இருந்தது தோட்டம் கொடுத்த லைன் வீடு. இரண்டு பக்கமும் மற்றவரின் பொருளைப் பிடித்துக்கொண்டு நிற்கிற வழக்கு இது, தோட்டத்துக்குத் தோட்டம் நடப்பது.

ஆனால் நியாயம் வேறு, சட்டம் வேறு. 1972ஆம் வருஷத்துக் கிராஜுவிட்டி சட்டத்தில் வேலையை விட்டு நின்ற 30 நாளுக்குள் பணம் கொடுத்துவிட வேண்டும். எந்தக் காரணத்துக்காகப் பிடிக்கலாம் என்று 4ஆம் பிரிவின் 6ஆம் உட்பிரிவு சொல்கிறது: வேண்டுமென்றே நஷ்டம் உண்டாக்கி வேலையிலிருந்து நீக்கப்பட்டவர், அடிதடி செய்து நீக்கப்பட்டவர், அந்த மாதிரி. வீட்டைக் காலி செய்யாதவர் அந்தப் பட்டியலில் இல்லை. தோட்டத்து வக்கீல் 2020இல் ஸ்டீல் அதாரிட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைத் தூக்கிக்கொண்டு வந்தார். அது பொக்காரோவில் குவார்ட்டர்ஸை விடாதவர்கள் வழக்கு, அபராத வாடகையைக் கிராஜுவிட்டியில் கழிக்கலாம் என்று மூன்று நீதிபதிகள் சொன்னது உண்மைதான். எங்கள் சார் அதற்குச் சொன்ன பதில் எனக்கு இன்னும் பிடிக்கும்: அந்தக் கம்பெனிக்கு, வீட்டைக் காலி செய்யாவிட்டால் கிராஜுவிட்டியை நிறுத்தி வைக்கலாம் என்று எழுதி வைத்த விதி ஒன்று இருந்தது, உங்கள் தோட்டத்தில் அப்படி விதி எங்கே, காட்டுங்கள். காட்டவில்லை.

கணக்கைக் கொஞ்சம் சொல்கிறேன், நிறைய பேர் இதில்தான் ஏமாறுகிறார்கள். வருஷத்துக்கு 15 நாள் சம்பளம். மாதச் சம்பளக்காரருக்கு மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து ஒரு நாள் சம்பளம் கண்டுபிடிக்க வேண்டும், 30ஆல் அல்ல. நாள் கூலிக்காரருக்கு அந்த வகுத்தலே தேவையில்லை. ஒரு நாள் கூலி 400 ரூபாய், சர்வீஸ் 30 வருஷம் என்று வைத்தால் 400ஐ 15ஆல் பெருக்கி, 30ஆல் பெருக்கி, ஒரு லட்சத்து 80 ஆயிரம். ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் அதுவும் ஒரு வருஷம். தாமதமானால் 10 சதவீத வட்டி, தனி வட்டி. வருஷத்துக்கு 18 ஆயிரம்.

இந்தத் தனி வட்டியில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு தோட்டம் பேங்க்கில் கடன் வாங்கினால் வட்டிக்கு வட்டி போடுவார்கள், ஈடு கேட்பார்கள், மாதாமாதம் கட்டச் சொல்வார்கள். ரிட்டையர் ஆன நூறு பெண்களின் கிராஜுவிட்டியைக் கொடுக்காமல் வைத்திருந்தால் ஈடு இல்லை, தவணை இல்லை, எல்லாம் கடைசியில் ஒரு நாள் கட்டினால் போதும், அதிலும் பாதிப் பேர் அலுத்துப்போய்க் குறைத்துக்கொண்டு வாங்கிக்கொள்வார்கள். தோட்டம் நஷ்டத்தில் ஓடுகிறது என்று சொல்வதை நான் முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன், பச்சை இலை விலை என்னவென்று நானும் பார்க்கிறேன். ஆனால் அந்த நஷ்டத்துக்குக் கடன் கொடுத்தவர்கள் யார் என்றால் கொழுந்து பறித்த பெண்கள், அதுவும் அவர்களைக் கேட்காமலே.

அம்மா கேஸில் அவர்கள் பிடித்த இன்னொரு பிடி சர்வீஸ் வருஷம். முதல் சில வருஷம் டெம்பரவரி, வருஷத்துக்கு 240 நாள் வரவில்லை, அதனால் கணக்கில் சேராது என்றார்கள். அம்மாவுக்கு அந்த வருஷங்களில்தான் நானும் தம்பியும் பிறந்தோம். பிரசவ லீவு தொடர் சர்வீஸில் சேரும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. எத்தனை நாள் வேலைக்குப் போனார் என்பதற்கு இருக்கிற ஒரே சாட்சி செக்ரோல் என்ற வருகைப் பதிவேடு, அது தோட்டத்து ஆபீஸில். கொண்டு வாருங்கள் என்று மனுப் போட்டோம். கரையான் அரித்துவிட்டது என்று அஃபிடவிட் வந்தது. எங்கள் ஊர்க் கரையானுக்குத் தொழிலாளிக்குச் சாதகமான வருஷங்கள் என்றால் தனி ருசி போலிருக்கிறது. கையில் இருக்க வேண்டிய பதிவேட்டைக் காட்டாமல் விட்டால், காட்டியிருந்தால் அவர்களுக்கு எதிராக இருந்திருக்கும் என்று எடுத்துக்கொள்ள சாட்சியச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதோடு அம்மாவின் டிரங்குப் பெட்டியில் பழைய பி.எஃப். ஸ்லிப்புகள் கிடைத்தன, கல்யாணப் பத்திரிகைக்கு நடுவே. எங்கள் பக்கம் பெரியவர்கள் வீட்டில் இருந்தால் இன்றே பெட்டியைக் கிளறிப் பாருங்கள், பி.எஃப். ஸ்லிப், போனஸ் சீட்டு, தோட்டத்து ஆஸ்பத்திரிச் சீட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

கட்டுப்பாட்டு அதிகாரி, அதாவது தொழிலாளர் துறையில் இந்த மனுக்களை விசாரிப்பவர், முழு சர்வீஸுக்கும் வட்டியோடு கொடுக்கச் சொன்னார். நிர்வாகம் மேல்முறையீடு போனது. வழக்கமாக இந்த இடத்தில்தான் வயிற்றைக் கலக்கும், ஏனென்றால் மேல்முறையீடு என்றால் இன்னும் நாலைந்து வருஷம். ஆனால் 7ஆம் பிரிவின் 7ஆம் உட்பிரிவில் ஒரு வரி இருக்கிறது: முதலாளி மேல்முறையீடு செய்ய வேண்டுமானால் உத்தரவான கிராஜுவிட்டி முழுவதையும் முதலில் கட்ட வேண்டும். கட்டிய சான்று இல்லாமல் மேல்முறையீட்டு மனுவை எடுக்கவே மாட்டார்கள்.

கட்டினார்கள். அவர்கள் கையிலிருந்து பணம் போய்விட்டது. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் பார்க்க வேண்டும். அதுவரை வாய்தாவுக்கு வாய்தா, சீனியர் ஊரில் இல்லை, மானேஜர் மாற்றலாகிவிட்டார், மண்சரிவு, ரோடு இல்லை என்று இழுத்தவர்கள் அடுத்தடுத்த விசாரணைக்குச் சரியாக வந்தார்கள். இழுத்து என்ன லாபம்? பணம்தான் அவர்களிடம் இல்லையே. மேல்முறையீடு தள்ளுபடியானது, அம்மா வாங்கினார். அந்த ஒரு வரியை எழுதிய புண்ணியவான் யாரோ, தோட்டத் தொழிலாளியைத் தெரிந்தவராக இருக்க வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் கிராஜுவிட்டி புதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டது, நான் சொன்ன பிரிவு எண்ணெல்லாம் அம்மாவின் கேஸ் நடந்த பழைய சட்டத்தினுடையது.

எல்லோருக்கும் இப்படி அமையாது. முதலாளி மேல்முறையீடும் போகாமல் பணமும் கட்டாமல் சும்மா இருந்தால், அதிகாரி சான்று கொடுத்து கலெக்டர் நிலவரிப் பாக்கி போல வசூலிக்கலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எங்கள் பக்கத்தில் பல தோட்டங்களின் நிலம் செக்‌ஷன் 17. அரசே தன்னுடையது என்று சொல்லும் நிலத்தை அரசே தோட்டத்தின் சொத்து என்று ஜப்தி செய்ய முடியுமா? மிஞ்சுவது ஃபேக்டரி மெஷின், தயாரான தூள், ஒரு பழைய ஜீப். பெரிய வழக்கு தீராததால் சின்ன வழக்கின் தீர்ப்பும் காகிதமாகவே நிற்பது இங்கேதான். இதைச் சார் சொன்ன நாளில்தான் கோயலோ வழக்குக்கும் எங்கள் அம்மாவுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரிந்தது.

வேலையை விட்டு நிறுத்திய கேஸிலும் இதே மாதிரி ஒரு காவல் இருந்தது. தொழில் தகராறு சட்டத்தின் 17பி பிரிவு. லேபர் கோர்ட் மறுபடி வேலைக்கு எடு என்று சொன்ன பிறகு முதலாளி ஹைகோர்ட்டுக்கோ உச்ச நீதிமன்றத்துக்கோ போனால், அங்கே நடக்கிறவரை கடைசியாக வாங்கிய முழுச் சம்பளத்தையும் கொடுக்க வேண்டும், வேறு வேலையில் இல்லை என்று தொழிலாளி அஃபிடவிட் போட்டால் போதும். போடுகிறவர்கள் குறைவு. கேட்டால் "அதுக்குத் தனியா மனுப் போடணுமா?" என்கிறார்கள். போடணும்ணே, கேட்காமல் யாரும் தரமாட்டார்கள்.

வாடகைக் கேஸைப் பற்றி நான் அதிகம் சொல்ல மாட்டேன், அதில் எனக்கு இரண்டு பக்கமும் பரிதாபம் இல்லை. ஊட்டி, குன்னூர் பஜாரில் தாத்தா காலத்து வாடகையில் உட்கார்ந்திருக்கிற கடைகள் உண்டு. அதே கடைகளை சீசனுக்கு முன்னால் காலி செய்து மூன்று மடங்குக்கு விடத் துடிக்கிற உரிமையாளர்களும் உண்டு. 1960ஆம் வருஷத்து வாடகைச் சட்டத்திலேயே, பாக்கியைக் கட்டாமல் வாடகைதாரர் எதிர்வாதம் செய்ய முடியாது என்று 11ஆம் பிரிவு இருந்தது. 2019 பிப்ரவரி 22இல் அமலுக்கு வந்த புதிய சட்டத்தில் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். எழுதாமல் விட்டதே காலி செய்யச் சொல்ல ஒரு காரணம் ஆகிவிட்டது. ஆகவே பழைய கடைக்காரர்களே, "முதலாளி நல்லவர், வாய்ப்பேச்சே போதும்" என்ற கதை இனி ஓடாது.

லீஸ் வீடு மட்டும் வேறு. மூன்று லட்சம், ஐந்து லட்சம் கொடுத்து வாடகை இல்லாமல் இருப்பது. அதில் பணம் உரிமையாளரிடம், வீடு இருப்பவரிடம், இரண்டு பேருக்கும் பிடி இருப்பதால் சண்டை பெரும்பாலும் கோர்ட் வராமலே தீர்ந்துவிடும். ஒரு பிடி நழுவினால்தான் ஆபத்து. கொடைக்கானல் பக்கம் என் சித்தப்பா மகன் ஒரு காட்டேஜை லீஸுக்கு எடுத்து ஹோம்ஸ்டே நடத்தினான். கட்டடத்துக்கு அனுமதி இல்லை என்று அதிகாரிகள் சீல் வைத்தார்கள். லீஸ் பணம் உரிமையாளரிடம், கட்டடம் சீலுக்குள், இவனிடம் சாவிக்கொத்து. அக்ரிமென்ட்டைப் பார்த்தால் மூன்று வருஷத்துக்கு எழுதிப் பதிவு செய்யாத இருபது ரூபாய் பத்திரம். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்யாவிட்டால் அந்தப் பத்திரத்தைக் குத்தகைக்கு ஆதாரமாகக் காட்ட முடியாது. பணம் கொடுத்ததற்குச் சாட்சியாக மட்டும் உதவும், அதை வைத்துத்தான் இப்போது பணத்தைக் கேட்டுக் கேஸ் போட்டிருக்கிறான்.

குடும்பப் பாகப்பிரிவினையில் இந்தக் "கையில் யார்" என்பது இன்னும் கொடுமை, ஏனென்றால் அங்கே பிடித்திருப்பவர் கூடப் பிறந்தவர். நீலகிரியில் கூட்டுப் பட்டா சகஜம், ஒரே சர்வே எண்ணில் தாத்தா பேரோடு பத்து பதினைந்து பேர். தோட்டத்தைப் பார்ப்பது அண்ணன். வாரம் தோறும் இலை ஃபேக்டரிக்குப் போகும், இலைக் கணக்குப் புத்தகத்தில் அண்ணன் பெயர், பணம் அண்ணன் கணக்கில். தங்கை பங்கு கேட்டுக் கேஸ் போட்டால் யாருக்கு எவ்வளவு பங்கு என்று சொல்லும் முதல்நிலைத் தீர்ப்பாணை, நிலத்தைப் பிரிக்கக் கோர்ட் அனுப்பும் கமிஷனர், அளவை, ஆட்சேபணை, இறுதித் தீர்ப்பாணை. அவ்வளவு வருஷமும் இலை வளராமல் இருக்கப் போவதில்லை. அண்ணனுக்கு என்ன அவசரம்? பெண்களுக்குப் பிறப்பிலேயே சம பங்கு என்று 2005 திருத்தம் சொல்லி, அப்பா அப்போது உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது, உரிமையில் இப்போது பெரிய சந்தேகம் கிடையாது. சந்தேகமே இல்லாத உரிமையையும் தள்ளிப்போட்டே சாகடிக்கலாம் என்பதுதான் நான் டைப் அடித்துக் கற்றுக்கொண்டது.

அதனால் எங்கள் ஆபீஸில் இப்போது பாகக் கேஸ் போடும்போதே கூட ஒரு இடைக்கால மனு வைத்துவிடுகிறோம்: இலை வருமானத்தில் கட்சிக்காரர் பங்கை மாதாமாதம் கோர்ட்டில் கட்டச் சொல்லுங்கள், முடியாவிட்டால் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள ரிசீவர் என்று கோர்ட்டே ஒரு ஆளைப் போடுங்கள், கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். எல்லா மனுவும் ஜெயிப்பதில்லை. ஆனால் ஃபேக்டரிக்கு ஒரு நோட்டீஸ் போன உடனே, பல வருஷமாகப் பேசாத அண்ணன் "தங்கச்சி நல்லா இருக்கியா?" என்று போன் பண்ணியதைப் பார்த்திருக்கிறேன். வழக்கு நடக்கும்போதே நிலத்தை யாருக்காவது விற்றுவிடுவார்களோ என்று பயப்படுகிறவர்களுக்கு ஒன்று: சொத்து மாற்றச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி கேஸ் நடுவில் வாங்குகிறவரைத் தீர்ப்பு கட்டுப்படுத்தும், அவர் புதிதாக எந்த உரிமையும் கொண்டாட முடியாது. பட்டா மாறிவிட்டதே என்று மிரட்டினாலும் பயப்பட வேண்டாம், பட்டா வருவாய்த் துறைக் கணக்குத்தானே தவிர உரிமை மூலம் அல்ல என்று உச்ச நீதிமன்றம் பல தடவை சொல்லியிருக்கிறது.

இதில் எல்லோரையும்விடப் புத்திசாலி அரசாங்கம். வரி விஷயத்தில் அது இந்தக் கேள்விக்குத் தனக்குச் சாதகமாக முன்பே பதில் எழுதி வைத்துவிட்டது. ஜி.எஸ்.டி. மேல்முறையீடா, தகராறில் இருக்கிற வரியில் 10 சதவீதம் முதலில் கட்டு. வருமான வரியில் முதல் மேல்முறையீடு நடக்கும்போது வசூலை நிறுத்திவைக்கச் சாதாரணமாக 20 சதவீதம். தான் கொடுக்க வேண்டிய பணம் என்றால் மட்டும் இந்த வேகம் வராது. சிறு விவசாயிகள் இதில் பயப்பட வேண்டியதில்லை: பச்சை இலையை விற்கிற வருமானம் விவசாய வருமானம். சொந்தமாக விளைவித்துத் தூளும் செய்து விற்கிறவர்களுக்குத்தான் 40 சதவீதத்தைத் தொழில் வருமானமாக எடுக்கும் கணக்கு. அம்மாவிடம் பக்கத்து வீட்டு அக்கா "இவ்வளவு பணம் வந்திருக்கே, டாக்ஸ் கட்டணுமாமே" என்று கிளப்பிவிட்டார். இந்தச் சட்டத்தின்படி வரும் கிராஜுவிட்டிக்கு 20 லட்சம் வரை வரி கிடையாது. எங்களுக்கு அந்தக் கவலை வர இன்னும் பல ஜென்மம் ஆகும்.

லோக் அதாலத்தில், அதாவது மக்கள் நீதிமன்றத்தில், பேசி முடிக்கலாமா என்று இப்போதெல்லாம் நிறைய பேர் கேட்கிறார்கள். கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும், அங்கே முடிந்தால் மேல்முறையீடும் கிடையாது, நல்ல ஏற்பாடுதான். ஆனால் கையெழுத்துப் போடுமுன் பாருங்கள். எதிர்த்தரப்பு பணத்தை ஏற்கனவே கட்டியாகிவிட்டதென்றால் குறைத்துக்கொள்ள எந்தக் காரணமும் இல்லை, காத்திருங்கள். இன்னும் அவர்கள் பையிலேயே இருக்கிறது, உங்களுக்கோ வயசு எழுபது தாண்டிவிட்டது என்றால், கொஞ்சம் குறைந்தாலும் வாங்கிக்கொள்வது கோழைத்தனம் இல்லை. நம்மூர்த் தோட்டங்கள் முதலில் சொல்லும் தொகையை மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள், மத்தியானம் டீ குடித்துவிட்டு வந்து இன்னொரு தொகை சொல்வார்கள். லைன் வீட்டைக் காலி செய்ய எத்தனை மாதம் அவகாசம் என்பதையும் அதே காகிதத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.